கீழ வாய்க்கால் மூடியிருக்கிறது

போன வருடம் தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு நடந்தது. புதுச்சேரிப் பக்கம், பாகூர் கொம்யூனில் ஓர் ஏரிக்கரைக் கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். ஒரு வருடத்தில் கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் வரிக்கே காது சூடாகிவிட்டது.

நான் பி.சி.ஏ. படித்தவள். குருவிநத்தத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய், அந்த ஊர் ஏரிப் பாசன விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ஏரியிலிருந்து இரண்டு வாய்க்கால் பிரிகிறது, மேல வாய்க்கால், கீழ வாய்க்கால். நாளைக்கு எதில் தண்ணீர், எது மூடல் என்று சங்கத்துக் கமிட்டி மத்தியானம் முடிவு செய்யும். அதைச் சங்கத்தின் இணையதளத்தில் போடுவது என் வேலை.

சின்ன வேலைதானே என்று நினைக்க வேண்டாம். அறுப்புக் காலத்தில் அந்த ஒரு வரியை நம்பித்தான் ஊரே அரிவாளை எடுக்கும். முன்னால் நட்டவன் அறுத்துப் போட்டிருப்பான், பின்னால் நட்டவனுக்குக் கதிர் பால் பிடிக்கிற நேரம், தண்ணீர் இல்லாவிட்டால் பதராகிவிடும். இவனுக்குத் தண்ணீர் வேண்டாம், அவனுக்குத் தண்ணீர் வேண்டும், வாய்க்காலோ ஒன்று.

இணையதளம் இருந்தாலும் ஊரில் பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். அவர்களுக்காக மைக் ஆட்டோ உண்டு. முன்பெல்லாம் அந்த ஆட்டோ அண்ணன் அலுவலகத்துக்கு வந்து என்ன அறிவிப்பு என்று கேட்டுக்கொண்டு போவார். இணையதளம் வந்த பிறகு வருவதில்லை. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே போனில் பக்கத்தைத் திறந்து, இருப்பதை அப்படியே மைக்கில் வாசித்துவிடுவார். முதல் நாள், "முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்கு" என்று மேலிருந்தே வாசித்துத் தெருத்தெருவாகப் போனார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த இணையதளம் காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேர் புராஜெக்டுக்காகச் செய்து கொடுத்துவிட்டுப் போனது. அறிவிப்பை அடிக்கத் தனியாக ஒரு பெட்டி எல்லாம் வைக்கவில்லை. பக்கத்தை உண்டாக்குகிற ஸ்கிரிப்ட் ஃபைலையே திறந்து, அதற்குள் இருக்கும் வாய்க்கால் பெயரையும் கிழமையையும் அழித்துப் புதிதாக அடித்து, சர்வருக்கு அனுப்ப வேண்டும். படித்தவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் இரண்டு வருடமாக அப்படித்தான் ஓடியது, ஒருநாளும் காலை வாரியதில்லை.

ஒரே குறை, வேகம். சாயங்காலம் ஊரே ஒரே நேரத்தில் திறந்தால் பக்கம் வராது, சுற்றிக்கொண்டே இருக்கும். "இன்னாமா உன் வெப்சைட்டு, மாடு வண்டியாட்டம் வருது" என்று என்னிடம்தான் கேட்பார்கள், நான்தான் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி.

சங்கத் தலைவர் ஒருநாள் அவருடைய உறவில் ஒருவரை டவுனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய கம்பெனியில் இருப்பவராம், சர்வர் என்றாலே அவர்தானாம். நிஜமாகவே எனக்குச் சந்தோஷம். விஷயம் தெரிந்தவர் ஒருவர் வந்தால் நாலு விஷயம் கற்றுக்கொள்ளலாம் என்று நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் லேப்டாப்பைக் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

அவர் செய்ததற்குப் பெயர் ஸ்கிரிப்ட் கேச்சிங். சுலபமாகச் சொல்கிறேன். யாராவது பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் சர்வர் அந்த ஸ்கிரிப்டை முதலிலிருந்து படித்து, தன் பாஷைக்கு மாற்றி, அப்புறம்தான் வேலை செய்யும். ஒவ்வொரு தோசைக்கும் அரிசி ஊறப்போட்டு அரைக்கிற மாதிரி. கேச்சிங் வைத்தால் ஒரு தடவை அரைத்த மாவை எடுத்து வைத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வேகம். நல்ல விஷயம், இதில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதில் ஒரு செட்டிங் உண்டு. மூல ஃபைலை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று அவ்வப்போது எட்டிப் பார்க்கவா, வேண்டாமா என்று அது கேட்கும். வேண்டாம் என்றால் இன்னும் ஓர் இம்மி வேகம் கூடும். மனிதர் வேண்டாம் என்று வைத்துவிட்டார். சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பும் வரை பழைய மாவுதான், நான் எத்தனை படி புது அரிசி அரைத்துக் கொட்டினாலும்.

இதெல்லாம் பின்னால் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகத்தான் கேட்டேன், "சார், நான் தினமும் இந்த ஃபைல்லதான் அறிவிப்பை மாத்துவேன். அதுக்கு ஒண்ணும் ஆவாதே?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க உங்க டைப்பிங் வேலைய பாருங்கம்மா. உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல."

டைப்பிங் வேலை. சரி என்று வாயை மூடிக்கொண்டேன். பக்கம் கண் இமைப்பதற்குள் வந்து நின்றது. தலைவர் கைதட்டினார், கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொரு தடவை திறந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் உனக்குச் சால்வை போடுகிறோம் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார்கள். அது புதன்கிழமை காலை. அப்போது பக்கத்தில் இருந்த அறிவிப்பு, "கீழ வாய்க்கால் வெள்ளிக்கிழமை வரை மூடியிருக்கும்."

அன்று மத்தியானமே கமிட்டி முடிவை மாற்றியது. கீழ வாய்க்கால் கடைமடையில் பயிர் காய்கிறது, வெள்ளிக்கிழமை வரை தாங்காது, வியாழன் விடியற்காலையில் மதகைத் திறந்துவிடுவோம். அறுத்துப் போட்டவர்கள் இன்றைக்கே கட்டிக் களத்துக்கு ஏற்றிவிடட்டும் என்றார்கள். மதகுக்காரருக்கு நேரிலேயே சொல்லியாயிற்று. நான் ஃபைலைத் திறந்து மாற்றினேன், சர்வருக்கு அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது என்று செய்தி வந்தது. என் கம்ப்யூட்டரில் இருக்கும் மாதிரிப் பக்கத்திலும் பார்த்தேன், சரியாக இருந்தது. பஸ்ஸுக்கு ஓடினேன். ஆறு மணிக்கு ஆட்டோ அண்ணன் போனைத் திறந்திருக்கிறார். பக்கம் மின்னல் மாதிரி வந்திருக்கிறது. "கீழ வாய்க்கால் வெள்ளிக்கிழமை வரை மூடியிருக்கும்" என்று தெருத்தெருவாக வாசித்துக்கொண்டு போயிருக்கிறார்.

மறுநாள் காலையில் நான் அலுவலக வாசலில் கால் வைத்தபோது அங்கே கூட்டம். நடுவில் ஓர் அக்கா, முழங்கால் வரை சேறு. வாய்க்காலை ஒட்டின தாழ்ந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருப்பவர். அறுப்பு மெஷின் இறங்கினால் புதைந்துவிடும் என்பதால் கையறுப்புதான். முந்தின நாள் முழுக்க ஆள் வைத்து அறுத்து, ஒரு நாள் வெயிலில் காயட்டும் என்று அறுத்த தாளை அரியரியாக அப்படியே வயலில் போட்டிருந்தார். சாயங்காலம் மைக்கில் மூடல் என்று கேட்டுவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்தார். விடியற்காலையில் தண்ணீர் வந்து வரப்பு உடைந்து, அத்தனையும் மிதந்தது.

ஒரு கட்டு ஈரக் கதிரைக் கொண்டுவந்து என் மேஜைமேல், கீபோர்டுமேல் போட்டார். தண்ணீர் வழிந்து என் மடியில் கொட்டியது.

"ஏசி ரூம்ல உக்காந்துகினு ஒரு வரி மாத்த வலிக்குதாடி உனக்கு? என் பசங்க வாயில மண்ணப் போட்டியேடி! நீ நல்லா இருப்பியா? உன் வூடு வெளங்குமா?"

எங்கள் அலுவலகத்தில் ஏசியே கிடையாது, ஒரு காற்றாடிதான். அதைச் சொல்கிற நேரமா? நான் மாற்றினேன் அக்கா, நேற்றே மாற்றினேன் என்று கத்தினேன். ஆளாளுக்குப் போனை நீட்டினார்கள். எல்லாவற்றிலும் மூடல், மூடல், மூடல். கம்ப்யூட்டரைத் திறந்து என் ஃபைலைக் காட்டினேன். அதில் "திறப்பு" என்றுதான் இருந்தது. யார் பார்த்தார்கள்?

தலைவர் டவுன்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர், "ஒரு நிமிஷம் இருங்க" என்றார். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. பிறகு குரல் வந்தது. "இப்ப பாருங்க மாமா, சரியாதான வருது? சர்வர்ல ஒரு பிராப்ளமும் இல்ல. அவங்க இப்பதான் மாத்தியிருப்பாங்க."

பார்த்தால், எல்லாப் போனிலும் "திறப்பு" என்று வந்து நிற்கிறது.

அந்த நொடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "இப்ப மாத்தி வெச்சிட்டு எங்களுக்கே கத சொல்றியா?" என்று ஒருவர் கேட்டார். இரண்டு வருடமாகத் தினமும் எனக்கு வணக்கம் சொல்கிற மனிதர். தலைவர் கையமர்த்தி, சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் எல்லார் முன்னாலும் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அப்புறம் என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். பெண் பிள்ளை, போகட்டும் என்று ஓர் இரக்கப் பார்வை வேறு. அந்த இரக்கத்துக்குப் பதில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

வீட்டில் சொன்னேன். மன்னிப்புதானே, கேட்டுவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள் என்றார்கள். செய்யாததற்கு எப்படிக் கேட்பது? ஒருவேளை நான்தான் ஃபைலைச் சரியாக அனுப்பவில்லையோ என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்ததுதான் பெரிய கொடுமை. ஆனால் அந்தக் கீபோர்டு சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. ஒன்றும் தப்பில்லை என்றால் என்னத்தைத் தட்டினார்?

நடந்த ரகளையில் வெள்ளிக்கிழமை இரண்டு வாய்க்காலையும் அடைத்து, கூட்டம் முடியும்வரை அறிவிப்பே வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து ஃபைலில் ஒரு வார்த்தையை மாற்றி அனுப்பிவிட்டு, போனில் பார்த்தேன். மாறவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன், மாறவில்லை. சர்வரின் பாஸ்வேர்டு சங்கத்தில்தான் இருக்கிறது. உள்ளே போய் அவர் கைவைத்த செட்டிங்கை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். புரியாததை இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். மூல ஃபைலைச் சரிபார்க்காதே என்று சொல்கிற அந்த வரி கடைசியில் கண்ணில் பட்டது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வியாழக்கிழமை போனில் அவர் தட்டியது சர்வரை ரீஸ்டார்ட் செய்வதற்கு. விஷயம் என்னவென்று அந்த மனிதருக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என் தலையில் போட்டார்.

தலைவரிடம் தனியாகப் போய்ச் சொல்லவில்லை. தனியாகச் சொன்னால் தனியாகவே புதைத்துவிடுவார்கள். அந்த வரியையும் நான் தொடவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சங்கத்துக் களத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே கூட்டம். டவுன்காரருக்குச் சால்வை, அதற்கடுத்து என் மன்னிப்பு, ஏற்பாட்டைக் கேட்டீர்களா? சால்வையைப் போட்டார்கள், அவர் கும்பிட்டார். மேடையில் உட்கார்ந்து, அன்றைக்குக் காலையில்தான் வாங்கின புதுப் போனைத் தலைவரிடம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். நான் கையோடு கொண்டுபோயிருந்த அலுவலக லேப்டாப்பை மேஜைமேல் வைத்துத் திறந்தேன்.

"மன்னிப்பு கேக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு அறிவிப்பு மாத்திக்கிறேன்" என்று சொல்லி, எல்லாரும் பார்க்க, "இன்று களத்தில் கூட்டம்" என்று அடித்து அனுப்பினேன். போன் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். ஆட்டோ அண்ணனை மைக்கில் வாசிக்கச் சொன்னேன். "கீழ வாய்க்கால் வியாழக்கிழமை காலை திறப்பு" என்று பழையதையே வாசித்தார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு.

டவுன்காரர் சிரித்தார். அது உங்கள் போனில் பழைய பக்கம் தங்கியிருக்கும், பிரவுசரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திறங்கள் என்றார். அத்தனை பேரும் குனிந்து அழித்தார்கள். ஒருவர் எதையோ அழுத்தி வாட்ஸப்பையே அழித்துவிட்டு, "யோவ், என் பொண்ணு போட்டோல்லாம் பூட்ச்சி" என்று அலறினார். அழித்துவிட்டுத் திறந்தாலும் வியாழக்கிழமைதான் வந்தது.

நான் டவுன்காரர் பக்கம் திரும்பினேன். "சார், உங்க புதுப் போன்ல திறங்க."

"அது எதுக்கு?"

"திறங்க சார்."

திறந்தே ஆக வேண்டியதாயிற்று. திறந்தார், முகம் மாறியது. தலைவர் எட்டிப் பார்த்து, தன்னை அறியாமல் சத்தமாகவே படித்தார். "வியாழக்கிழமை காலை திறப்பு."

"இன்னிக்குக் காலையில வாங்கின போன்" என்றேன். "நம்ம பக்கத்த இதுவரைக்கும் பாத்ததே இல்ல. பழச இது எங்கேர்ந்து எடுத்துக்கினு வந்துச்சி? பழசு போன்ல தங்கியிருக்குதா, இவரு கைவெச்ச சர்வர்ல தங்கியிருக்குதா? அன்னிக்கி போன்ல ஒரு நிமிஷம் இருங்கன்னு சொல்லிட்டு நீங்க தட்டினீங்களே சார், அத இப்பவும் தட்டுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

அவர் தட்டவில்லை. நான் தட்டினேன். சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஆட்டோ அண்ணனைப் பார்த்தேன். அவர் மைக்கில், "இன்று களத்தில் கூட்டம்" என்று வாசித்தார்.

"அது ஒரு சின்ன செட்டிங்" என்று டவுன்காரர் முனகினார்.

தலைவர் உடனே எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? "சரி சரி, வுடுங்கப்பா, தெரியாம நடந்து போச்சி. டீ வந்திருக்கு, எல்லாரும் குடிங்க." அவ்வளவுதான். நான் செய்தேன் என்றால் ஊர் நடுவில் நின்று மன்னிப்பு. அவர் செய்தால் தெரியாமல் நடந்துபோச்சு, டீ குடிங்க. முதல் டீ அவருக்குத்தான் போனது. சால்வை அவர் தோளிலேயே இருந்தது.

அந்த அக்காதான் எழுந்தார். நேராக மேடைக்கு வந்தார். "இந்தப் பொண்ண மன்னிப்பு கேக்கச் சொன்னீங்கல்ல, இப்ப யாரு கேக்கறது?" என்று தலைவரைக் கேட்டார். டவுன்காரரைப் பார்த்து, "ஏம்பா, சீக்கிரம் வர்றது இருக்கட்டும். இன்னா வருதுன்னு பாக்கமாட்டியா நீ?" என்றார். இரண்டு பேரும் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பி, "நான் வேற உன்ன இன்னாலாமோ பேசிப்புட்டேன்டி" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டார். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் மன்னிப்பு மாதிரி ஏதாவது ஒன்றைச் சொன்னவர், இருப்பதை இழந்துவிட்டு நின்ற அந்த ஒருத்திதான்.

நனைந்த நெல் அப்படியே முளை கண்டுவிட்டது. வைக்கோல்கூட மாடு வாய் வைக்கிற மாதிரி இல்லை. சங்கம் ஏதாவது செய்யும் என்று எதிர்பார்த்தேன், பார்க்கலாம் என்றார்கள், இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கேட்கும்போதெல்லாம் உனக்கு எதற்கு அந்தப் பேச்சு என்கிறார்கள்.

திங்கட்கிழமை அந்தச் செட்டிங்கை நானே மாற்றினேன். ஃபைல் மாறியிருக்கிறதா என்று சர்வர் இரண்டு நொடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும்படி வைத்தேன். பக்கம் அதே மின்னல் வேகத்தில்தான் வருகிறது. எந்த வித்தியாசமும் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படியென்றால் அவர் சேர்த்துக் கொடுத்த அந்த ஓர் இம்மி வேகம் யாருக்காக? நான் கேட்ட ஒரு கேள்விக்கு நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்லியிருந்தால் போதும். டைப்பிங் வேலை செய்கிறவளிடம் நீ தினமும் எப்படி மாற்றுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் நான் வழக்கமான பஸ்ஸுக்கு ஓடுவதில்லை. என் கம்ப்யூட்டர் சொல்வதையும் நம்புவதில்லை, என் போன் சொல்வதையும் நம்புவதில்லை. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வாசலிலேயே நிற்கிறேன். மைக் ஆட்டோ கிளம்பி, நான் அடித்த வரி தெருவில் கேட்ட பிறகுதான் அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன். வீட்டுக்குப் போய்ச் சேர இருட்டிவிடுகிறது, போகட்டும். யாருக்காக எழுதுகிறோமோ அவர் காதில் போய் விழும்வரை எந்த வேலையும் முடிவதில்லை என்று நான் தெரிந்துகொண்டேன். அதை எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்த அக்காவின் நெல்தான் நனைய வேண்டியிருந்ததா என்று நினைக்கும்போது, அந்த ஈரக் கட்டு இன்னும் என் மேஜைமேலேயே கிடக்கிற மாதிரி இருக்கிறது.